காஜா பட்டன் என்றொரு மனுதாரர்

1

ஜெர்மனியில் அரசு அலுவலகத்துக்குள் சிரிக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. யாருக்கும் அந்தத் தேவை வருவதில்லை, அவ்வளவுதான். போன மாதம் எனக்கு வந்துவிட்டது. அதனால் எங்கள் குடியிருப்பு அனுமதி கொஞ்ச நாள் அந்தரத்தில் தொங்கியது. அதற்கும் திருப்பூர் மண்ணரைக்கும் சம்பந்தம் உண்டு என்பதால், ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நாட்டின் தென்கோடியில் ஒரு மலையடிவாரத்துச் சிறு ஊர். என் கணவர் சாய மெஷின்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் கடைவீதியில் பழைய துணி சரிசெய்து தரும் கடையில் பாதி நாள் உட்கார்ந்து பேண்ட் நீளம் குறைக்கிறேன், ஜிப் மாற்றுகிறேன், பட்டன் தைக்கிறேன். மகள் ஜெனி இரண்டாம் வகுப்பு. கைக்குழந்தையாக இங்கே வந்தவள். கோபப்படும்போது மட்டும் தமிழ் பேசுவாள், மற்றதெல்லாம் ஜெர்மன். என் ஜெர்மனுக்கு அவள்தான் ஊன்றுகோல். அதனால் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி மாறியிருந்தார். மேசையில் புதுப் பெயர்ப்பலகை: ஹெர் க்னோப்ஃப். ஹெர் என்றால் திரு, க்னோப்ஃப் என்றால் பட்டன். இங்கே அது சாதாரணக் குடும்பப் பெயர். நம் ஊரில் யாரும் செட்டியார் என்ற பெயரைக் கேட்டுச் சிரிப்பதில்லை, அது போல. ஆனால் எனக்கு எதிரே டை கட்டிக்கொண்டு திரு. பட்டன் உட்கார்ந்திருந்தார். நான் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

அவர் மரியாதையாகக் காரணம் கேட்டார். உங்கள் பெயரில் ஒருவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல நினைத்தேன். என் ஜெர்மனில் வந்து விழுந்தது வேறு: உங்களை எனக்குத் தெரியும். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எங்கிருந்து தெரியும் என்று கேட்டார். இந்தியாவிலிருந்து என்றேன். ஜெனி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஹெர் க்னோப்ஃப் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இருந்தும் அதை எழுதிக்கொண்டார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: தன்னை அறிந்தவர்களின் கோப்பைத் தான் கையாள்வது முறையல்ல, வேறொருவருக்கு மாற்ற வேண்டும், புதுத் தேதி தபாலில் வரும்.

வெளியே வந்ததும் ஜெனி தமிழில் பேசினாள். அதாவது, கோபம். பஸ் நிறுத்தத்தில்தான் கொஞ்சம் தணிந்து, அந்த இன்னொரு பட்டன் யார் என்று கேட்டாள். அப்படி யாருமே இல்லை என்றேன்.

"இல்லாத ஆளை உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

2

திருப்பூர்க்காரர்களுக்கு காஜா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: சட்டையில் பட்டன் நுழைவதற்கு ஒரு ஓட்டை இருக்கிறதே, நூலால் ஓரம் கட்டிய ஓட்டை, அதுதான் காஜா. பெரிய கம்பெனிகள் பனியன் துணியை வெட்டித் தைத்து, காலரும் வைத்துவிடும். காஜாவும் பட்டனும் மட்டும் அடிக்க மூட்டை மூட்டையாக வெளியே அனுப்பும். இரண்டு மெஷின் இருந்தால் போதும், வீட்டின் முன்னறையிலேயே யூனிட் நடத்தலாம். ஒரு மெஷின் ஓட்டை போடும், இன்னொன்று பட்டன் வைக்கும். வாசலில் "காஜா பட்டன்" என்று ஒரு தகரப் பலகை தொங்கும். நான் வளர்ந்த மண்ணரைத் தெருவில் அந்தப் பலகை இல்லாத வாசல்கள் குறைவு.

எங்கள் வாசலிலும் இருந்தது. என் அம்மா அன்னபுஷ்பம் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. அப்பாவோடு வேலை தேடித் திருப்பூருக்கு வந்தாள். அப்பா போன பிறகு, பனியன் கம்பெனியில் தைத்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டு இரண்டு பழைய மெஷின்கள் வாங்கிப் போட்டாள். அதற்கப்புறம் யாரிடமும் லீவு கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பெருமை.

இந்த யூனிட்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் நாச்சிமுத்து, சேவூர்க்காரர். வேறு யாரும் தலைவராக முன்வராததால் அவர்தான் ரொம்ப காலமாகத் தலைவர். பழுதான மெஷினிடம்கூட "ஏனுங்க, ஓட மாட்டீங்களா" என்று கேட்பவர். எனக்கு டைப்பிங் தெரியும் என்று சங்க அலுவலகத்தில் வேலை கொடுத்தார். அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. பகலெல்லாம் பன் வாசனையில் நான் மனு அடிப்பேன். சாக்கடைக்கு மனு, தெருவிளக்குக்கு மனு, மெஷின் வாங்கும் கடனுக்கு மனு. அரசாங்கம் கூச்ச சுபாவம் உள்ளது, நாம்தான் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் கருத்து. அதுவரை எந்த மனுவுக்கும் பதில் வந்ததில்லை. அவரும் மனம் தளர்ந்ததில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் எங்களுக்கு நிஜமான ஆபத்து வந்தது. வீட்டு மின்சாரத்தில் மெஷின் ஓட்டுகிறீர்கள், அது தவறு என்றது மின்வாரியம். தவறுதான். தொழில் இணைப்பு கொடுங்கள் என்று கேட்டோம். தொழில் இணைப்பு வேண்டுமானால் எதையாவது உற்பத்தி செய்வதாகச் சான்று வேண்டும் என்றார்கள். அந்தச் சான்று கேட்டுப் போனால், நீங்கள் எதையும் உற்பத்தி செய்யவில்லையே என்றார்கள். பீஸ் உள்ளே வருகிறது, அதே பீஸ் வெளியே போகிறது, நடுவில் என்ன உண்டானது? இதற்கு முடிவு சொல்ல வேண்டியது சென்னையில் உள்ள ஒரு துறை. அந்த முடிவு வரும்வரை மெஷின் ஓடும் வீடுகளில் லைனைத் துண்டிப்பார்கள்.

எங்கள் தெருவில் துண்டிக்கத் தொடங்கியும் விட்டார்கள். அம்மா ஒவ்வொரு மோட்டார் பைக் சத்தத்துக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, அதற்குச் சேலை போர்த்தி மேலே வேளாங்கண்ணி மாதா படத்தை வைப்பாள். வந்தவர் பால்காரராக இருந்தால் படத்தை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டுவாள். மாதா ஒரு நாளில் பல தடவை ஏறி இறங்கினாள்.

மண்ணரை காஜா பட்டன் உரிமையாளர்கள் சார்பில் சென்னைக்கு மனு அனுப்பினோம்.

3

பதில் வந்தது. நாச்சிமுத்து உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பிரிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நிர்வாகக் குழு முழுக்க மாடிக்கு வந்திருந்தது. நான் சத்தமாக வாசித்தேன்.

திரு. காஜா பட்டன், உரிமையாளர், மண்ணரை. தங்கள் மனு பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. தாங்கள் விசாரணைக்கு நேரில் வர வேண்டும். தங்களுக்குப் பதிலாகப் பிறர் வருவது ஏற்கப்பட மாட்டாது.

சென்னையில் யாரோ ஒருவர் "காஜா பட்டன் உரிமையாளர்" என்பதை, காஜா பட்டன் என்ற பெயருள்ள ஓர் உரிமையாளர் என்று படித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. காஜா என்பது மனிதருக்கு வைக்கும் பெயர்தான். பட்டன் மட்டும் என்னவாம், எத்தனையோ விதமான குடும்பப் பெயர்கள் இருக்கின்றன.

"பதில் வந்துருச்சுங்களே" என்றார் நாச்சிமுத்து. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது.

பெயரைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்து, அவரும் நானும் அந்தத் துறையின் கிளை அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன். விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். பெயர்த் திருத்தம் சுலபம்தான், ஆனால் சம்பந்தப்பட்டவரே வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார்.

"அவரே இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து.

எழுத்தரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, எப்போது என்று கேட்டார். எங்களுக்குப் புரியவில்லை. அப்படியானால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொண்டு வாருங்கள், வாரிசு பெயருக்கு மனுவை மாற்றிவிடலாம் என்றார். அவர் செத்துப் போகவில்லை, பிறக்கவே இல்லை என்று நான் விளக்கினேன். எழுத்தர் யோசித்துவிட்டு, பிறக்காதவர் என்றால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள், புதிதாகப் போட வேண்டியதுதான் என்றார். புது மனு என்றால் மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் தெரு இருட்டாகிவிடும்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாச்சிமுத்து சொன்னார்: "அவரைத் தேடித்தான் ஆகோணும் கண்ணு."

4

இங்கே, ஹெர் க்னோப்ஃபின் அலுவலகத்திலிருந்தும் தபால் வந்தது. கோப்பை வேறொருவருக்கு மாற்றுவதைத் தவிர்க்க வேண்டுமானால், எனக்கும் ஹெர் க்னோப்ஃபுக்கும் எந்தப் பழக்கமும் இல்லை என்று நான் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவரும் அப்படியே தன் பக்கத்திலிருந்து எழுதித் தருவார்.

என் கணவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரியும் என்று சொன்னவள் திடீரென்று தெரியாது என்றால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். இந்தியாவில் பட்டன் என்று ஒருவர் இருந்தார், உண்மையில் அவர் இல்லை, இருந்தும் அவருக்கு அரசாங்கத் தபால் வந்தது என்று. கணவர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இதைக் கொடுத்தால் அனுமதி போவதோடு, உன்னை ஏதாவது மனநல டாக்டரிடமும் அனுப்புவார்கள் என்றார்.

ஜெனியிடம் எழுத்துப் பிழை பார்க்கக் கொடுத்தேன். அவள் பென்சிலை எடுத்து, இருந்தார் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் வேறு வினைச்சொல் போட்டாள். ஜெர்மனில் இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கென்று வினைக்குத் தனி வடிவம் இருக்கிறது. இங்கே பிறந்த குழந்தைகள் போல அவளுக்கும் அது தன்னால் வருகிறது; எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாங்கள் மண்ணரையில் காஜா பட்டனை வெறும் நிகழ்காலத்திலேயே வைத்துச் சமாளித்தோம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

கடைசியில் கணவரின் ஒரு வரியைத்தான் கொடுத்தேன். ஹெர் க்னோப்ஃபும் என்னைத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு அவரே எங்கள் அனுமதியில் முத்திரை வைத்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது அவரைக் கடைவீதியில் பார்த்தால் இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம். எழுதிக் கொடுத்துவிட்டோம் அல்லவா?

5

திருப்பூர் காதர்பேட்டையில் காஜா முகைதீன் என்று ஒரு வியாபாரி இருந்தார். எல்லாருக்கும் காஜா பாய். மண்ணரை யூனிட்டுகளுக்குப் பட்டனும் நூலும் அவர் கடையிலிருந்துதான் போகும். நாச்சிமுத்து தேடிக் கண்டுபிடித்தது அவரைத்தான்.

ஒரே சிக்கல், காஜா பாய் பொய் சொல்ல மாட்டார். வியாபாரத்தில்கூடச் சொல்ல மாட்டார். துணிக்கும் பட்டனுக்கும் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால், கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார். அதனால் போன வியாபாரம் எத்தனையோ. நாங்கள் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் பட்டன் டப்பாக்களை மூடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, இன்னொரு ஆள் பெயரில் போய் நிற்பது ஆகாது என்றார். இன்னொரு ஆளே கிடையாது, நீங்கள் யாருடைய இடத்தையும் பிடிக்கவில்லை என்றார் நாச்சிமுத்து. பாய் அதைச் சற்று நேரம் யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டது.

அன்றைக்கு அம்மாவும் எங்களோடு வந்திருந்தாள். அதற்கு முந்தின நாள்தான் எங்கள் வீட்டு லைனையும் துண்டித்திருந்தார்கள். மாதா படம் மெஷின்மேல் இருந்தபடியே இருந்தது; லைன்மேன் கும்பிட்டுவிட்டுத்தான் ஒயரை அறுத்தார். அம்மா பாயிடம் எதுவும் கேட்கவில்லை. தான் வாங்கி வைத்திருந்த பட்டனில் பிரிக்காத டப்பாக்களைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று மட்டும் விசாரித்தாள்.

காஜா பாய் டப்பாக்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"வர்றேனுங்க. ஆனா என் வாயில வர்றது எனக்குச் சரியின்னு பட்டதாத்தான் இருக்கும். இடையில நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது" என்றார்.

இன்னொரு நிபந்தனையும் போட்டார். சங்கத்துக்கும் தனக்கும் தொடர்பு இல்லாமல் சங்கத்தின் காரியமாகப் போகக் கூடாது. ஆகவே தன்னை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சங்க விதிப்படி யூனிட் வைத்திருப்பவர்தான் உறுப்பினர் ஆகலாம். பொதுக்குழுவைக் கூட்டினோம். விதியைத் திருத்துவது பற்றி வாக்குவாதம் நடந்தது. இன்று பட்டன் கடைக்காரரைச் சேர்த்தால் நாளைக்கு மூட்டை தூக்கும் மொபெட்காரர் கேட்பார் என்று ஒருவர் எச்சரித்தார். கடைசியில், காஜாவையோ பட்டனையோ சார்ந்து பிழைப்பவர் எவரும் உறுப்பினராகலாம் என்று திருத்தம் நிறைவேறியது. பாய் அங்கேயே சந்தா கட்டி ரசீது வாங்கிக்கொண்டார். நான்தான் எழுதிக் கொடுத்தேன். பெயர் காஜா முகைதீன் என்றே எழுதச் சொன்னார்.

6

சென்னைக்கு நான்கு பேர் போனோம். பாய், நாச்சிமுத்து, அம்மா, நான். பிறர் வரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாசலில் எங்கள் மூவரையும் "உடன் வந்தோர்" என்று பதிந்து உள்ளே விட்டார்கள்.

விசாரணை அதிகாரி வயதானவர், நிதானமானவர். கோப்பில் ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்கள்தான் காஜா பட்டனா என்று கேட்டார்.

"என் பேர் காஜாங்க. செய்யறது பட்டன் யாவாரம்" என்றார் பாய்.

அதிகாரி குறித்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. உங்கள் யூனிட்டில் என்ன உற்பத்தி ஆகிறது என்று அடுத்துக் கேட்டார்.

"எனக்கு யூனிட் இல்லீங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி கோப்பை மூடி, அட்டையில் இருந்த பெயரைப் படித்து, மறுபடியும் திறந்தார். யூனிட்டே இல்லாதவர் எதற்காக இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போது அம்மா எழுந்தாள். உடன் வந்தோர் பேசக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஐயா, யூனிட்டு எங்ககிட்ட இருக்கு. பேரு இவியகிட்ட இருக்கு. ரெண்டையும் சேத்துக் கூட்டிட்டு வந்திருக்கோம். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். கோப்புக்குத் தேவை பெயர்தான், யூனிட்டைப் பிறகு யாராவது போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். அந்தக் கண்டம் அப்படிக் கழிந்தது.

ஆனால் உண்மையான தொல்லை இனிமேல்தான். காஜா என்பது என்ன என்று கேட்டார். நாங்கள் கொண்டு போயிருந்த காலர் பனியனைக் காட்டினோம். விரலை ஓட்டையில் விட்டுப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. உற்பத்தி என்றால் முன்பு இல்லாத ஒன்று உண்டாக வேண்டும். ஓட்டை போட்டால் இருந்த துணியல்லவா போகிறது? பக்கத்து அறையிலிருந்து தன் உதவியாளரை அழைத்தார். அந்த இளைஞர் உளுந்த வடையை உதாரணம் காட்டினார்: ஓட்டை போட்டால்தான் அது வடை, ஆகவே ஓட்டையும் உற்பத்தியில் சேர்த்தி. வடை சுடுகிறவரே ஓட்டை போட்டால் சரி, ஒருவர் தட்டி வைத்த வடையில் வேறொருவர் வந்து விரலை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அவரை வடை உற்பத்தியாளர் என்பீர்களா என்று அதிகாரி கேட்டார். எங்கள் தெருவின் பிழைப்பு அந்த வடையின் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

"நாங்க ஓட்டைதான் ஐயா போடுதோம்" என்றாள் அம்மா. "அது இல்லாம ஒரு சட்டையும் கப்பல் ஏறாது."

கப்பல் ஏறாவிட்டாலும் அது சட்டைதானே என்றார் அதிகாரி.

நாச்சிமுத்து அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்து, பனியனை அவர் கையிலிருந்து பணிவாக வாங்கினார்.

"தப்பா நினைக்காதீங்க. வெறும் ஓட்டைன்னா ஒரே துவைப்புல பிஞ்சு போயிருமுங்க. நாங்க அதுக்குச் சுத்தியும் நூல்ல ஓரம் அடிக்கறமுங்க. அந்த ஓரம் முன்னாடி இல்லீங்க. நாங்க அடிச்ச பொறவுதான் இருக்குதுங்க."

அதிகாரியின் முகம் தெளிந்தது. ஓட்டையை விட்டுவிட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தார். உதவியாளரும் தடவிப் பார்த்தார். ஓரம் உண்டாகிறது என்பதில் இருவருக்கும் ஐயம் இல்லை. எல்லாருக்கும் காப்பி வரவழைத்தார்.

திரும்பி வரும் ரயிலில் காஜா பாய்தான் மனம் கலங்கியிருந்தார். யூனிட் இல்லை என்று சொன்னது காரியத்தைக் கெடுத்துவிடுமோ என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை அவருக்கு முதலில் வைத்தாள். பொய் சொல்லியிருந்தால் யூனிட்டைக் காட்டு என்பார்கள், நீங்கள் சொன்னதுதான் சரி என்றாள். அவர் பாதிதான் சாப்பிட்டார்.

7

உத்தரவு வரும்வரை அம்மா ஒரு மெஷினை அருள்புரத்தில் தெரிந்தவர் ஒருவரின் கம்பெனி மூலையில் போட்டு ஓட்டினாள். விடிவதற்குள் பஸ் ஏறிப் போவாள். அங்கே அவளுக்குக் கொடுத்தது கக்கூஸ் பக்கத்து இடம். வீட்டுக்கு வந்ததும் ஒற்றை மெஷின் நின்ற முன்னறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது. மண்ணரை திரு. காஜா பட்டன் செய்துவரும், துளைக்கு ஓரம் தைக்கும் தொழில், உற்பத்தித் தொழிலாக ஏற்கப்படுகிறது. அன்னாருக்குத் தொழில் மின் இணைப்பு வழங்கலாம்.

அன்னாருக்கு மட்டும். உலகத்தில் அந்த இணைப்பைப் பெறத் தகுதியுள்ள ஒரே மனிதர் இல்லாதவர்.

நாச்சிமுத்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரிடம் போனார். இன்ஜினியர் படித்துவிட்டு, இந்த ஆள் வீடு எங்கே என்று கேட்டார். உத்தரவில் கதவு எண் இல்லை, தெரு இல்லை, மண்ணரை என்று மட்டும்தான் இருந்தது. நேரில் பார்த்து முடிவு செய்கிறேன் என்று ஜீப்பில் கிளம்பி வந்தார்.

நானும் சங்கத்துக்காரர்களும் தெருமுனையில் நின்றோம். இன்ஜினியர் முதல் வீட்டின் முன் இறங்கினார். வாசலில் தகரப் பலகை: காஜா பட்டன். சரிதான் என்று குறிப்பேட்டை எடுத்தார். நிமிர்ந்தால் அடுத்த வீட்டிலும் காஜா பட்டன். எதிர்வீட்டில் அம்புக்குறி போட்டு, காஜா பட்டன் மாடியில். நீலம், சிவப்பு, எழுத்துப்பிழையோடு காசா பட்டன். வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம் காஜா பட்டன் வீடு எது என்று கேட்டார். இதுதாங்க என்றாள் அவள். பக்கத்து வீட்டுக்காரியும் இதுதாங்க என்றாள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் சொன்னது அத்தனையும் நிஜம். தெரு முழுக்க வெயிலில் நடந்து முடித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, இந்தாளுக்கு எத்தனை ஊடுங்க?" என்றார்.

"இந்தத் தெருவெல்லாம் அவருதானுங்க" என்றார் நாச்சிமுத்து.

இன்ஜினியர் டீ வாங்கிக் குடித்தார். ஒருவர் பல இடங்களில் ஒரே தொழிலைச் செய்வதற்குத் தன் புத்தகத்தில் தடை எதுவும் இல்லை என்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்றுதான் இன்றும் நம்புகிறேன். டம்ளரை வைக்கும்போது அவருடைய மீசை லேசாக ஆடியது.

அந்த மாதம் முடிவதற்குள் மண்ணரையில் பலகை தொங்கிய வீடுகளில் எல்லாம் தொழில் மீட்டர் மாட்டினார்கள். ஒவ்வொரு மீட்டர் அட்டையிலும் உரிமையாளர் பெயர் காஜா பட்டன். அம்மா அருள்புரத்திலிருந்து மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சேலையும் படமும் இல்லாமல், வாசல் கதவைத் திறந்து வைத்து, சத்தம் தெருவுக்குக் கேட்கும்படி ஓட்டினாள்.

நாச்சிமுத்து அன்றைக்கே என்னை அழைத்து, சாக்கடை மனுவை மறுபடியும் அடிக்கச் சொன்னார்.

8

அதன் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, ஜெனி பிறந்தாள், இங்கே வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு போன் செய்வேன். ஜெனி வணக்கம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அம்மா அவளிடம் கேட்க நினைத்ததையெல்லாம் என்னிடம் கேட்பாள்.

ஹெர் க்னோப்ஃப் கதையைப் போன வாரம் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தனக்கும் ஒரு சேதி இருக்கிறது என்றாள். மீட்டரைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டாளாம்.

எதற்கு இப்போது என்று கேட்டேன். கரண்ட் வருகிறது, மெஷின் ஓடுகிறது, அட்டையில் யார் பெயர் இருந்தால் என்ன? அம்மாவுக்கு அது வெகு நாளாக உறுத்தலாம். இரண்டு மெஷினும் தன் உழைப்பு, பில் கட்டுவதும் தான், பெயர் மட்டும் ஊரில் இல்லாதவனுடையதா? ஆகவே ஒரு நாள் யூனிட்டைப் பூட்டிவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். பெயர் மாற்ற வேண்டுமானால் இப்போது பெயர் உள்ளவர் சம்மதம் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்கள். காதர்பேட்டைக்குப் போய்க் காஜா பாயைக் கூட்டிக்கொண்டு வந்தாளாம். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இருந்தும் கடையை மகனிடம் விட்டுவிட்டு உடனே வந்தாராம்.

ஜன்னலில் இருந்தவர் புது ஆள், சின்ன வயசு. பாயின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். கணவர், மகன், சகோதரர், வாரிசு என்று சில உறவுகளைத்தான் எழுத முடியுமாம். பாய் பொய் சொல்ல மாட்டார். அம்மாவுக்கும் அந்த இடத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சங்கம்னு எழுதும்னு சொன்னேன்ட்டி" என்றாள் அம்மா. "அப்படி ஒரு உறவு கெடையாதுங்கான். பாய் சொன்னாவ, எழுதுங்க தம்பி, என்னைக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்னு. அவன் பேனாவ வச்சுக்கிட்டு முழிக்கான். பொறப்பால வந்த உறவா, கல்யாணத்தால வந்த உறவா, அதையாவது சொல்லுங்கன்னு கேக்கான்."

"நீ என்ன சொன்ன?"

"சந்தாவால வந்த உறவுன்னு சொன்னேன்" என்றாள். "எழுதிட்டான்."